‘மே’ என்றால் ஒன்று, ‘ஷல்’ என்றால் இன்னொன்று: நமது உரிமைகள் தங்கியிருக்கும் சின்ன ஆங்கிலச் சொற்கள்

தோட்டத்தில் வசிக்கும் ஒரு குடும்பம், மூன்று தலைமுறையாகத் தாங்கள் குடியிருக்கும் லயனுக்குப் பக்கத்திலுள்ள காணித்துண்டைக் கேட்டு விண்ணப்பம் கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சில மாதங்கள் கழித்து ஆங்கிலத்தில் ஒரு வரிப் பதில் வருகிறது: “யுவர் ரிக்வெஸ்ட் மே பி கன்சிடர்ட்.” கடிதத்தை மடித்து எடுத்துக்கொண்டு மாவனல்லை நகருக்கு வருகிறார்கள். ஒரு கொமியூனிகேஷன் கடையில் இருக்கும் படித்த பையனிடம் நீட்டி, “தம்பி, இதுல என்னா போட்டிருக்கு?” என்று கேட்கிறார்கள். “கோரிக்கையைப் பரிசீலிப்பாங்களாம்” என்று பதில் கிடைக்கிறது. குடும்பம் நம்பிக்கையோடு ஊர் திரும்புகிறது.

கடிதம் சொன்னது அதுவல்ல. “பரிசீலிக்கப்படலாம்” என்றுதான் அது சொன்னது. பரிசீலிக்காமலும் விடலாம் என்பது அதற்குள்ளேயே இருக்கிறது. ‘மே’ இருந்த இடத்தில் ‘வில்’ இருந்திருந்தால் அது ஒரு வாக்குறுதி. ‘ஷல்’ இருந்து, எழுதப்பட்ட தாளும் சட்டமாகவோ ஒப்பந்தமாகவோ இருந்திருந்தால் அது ஒரு கடமை. மூன்று வாக்கியங்களிலும் மாறுவது ஒரே ஒரு சொல். அந்தச் சொல்லைச் சரியாக வாசித்திருந்தால், அந்தக் குடும்பம் காத்திருப்பதற்குப் பதிலாக இரண்டாவது கடிதத்தை எழுதியிருக்கும்.

பாடசாலையில் இந்தச் சொற்களை நாம் எல்லோரும் படித்திருக்கிறோம். கேன், குட், மே, மைட், வில், வுட், ஷல், ஷுட், மஸ்ட் என்று ஒன்பது. இடைவெளி நிரப்புக, சரியான விடையைத் தெரிவு செய்க என்று சாதாரண தரப் பரீட்சை வரைக்கும் வந்து, பிறகு மறந்துபோகும் பாடம் இது. ஆனால் வங்கிக் கடன் பத்திரம், காப்புறுதி, வெளிநாட்டு வேலை ஒப்பந்தம், தோட்டக் கம்பனிக் கடிதம், சட்டம், வர்த்தமானி என்று வாழ்க்கையைத் தீர்மானிக்கும் தாள்களில் யாருக்குக் கடமை, யாருக்கு விருப்பம் என்பதை இந்த ஒன்பது சொற்களே சொல்கின்றன.

முதலில் இலக்கணம்

வடிவத்தைப் பொறுத்தவரை மூன்று விதிகள் போதும். முதலாவது, ஆள் மாறினாலும் இச்சொற்கள் மாறுவதில்லை. “ஹீ ஸ்பீக்ஸ்” என்று வரும் ‘ஸ்’, “ஹீ கேன் ஸ்பீக்” என்பதில் எங்கேயும் வராது. இரண்டாவது, இவற்றுக்குப் பிறகு வினைச்சொல் வெறுமையாக வரும். இடையில் ‘டு’ வராது. “யூ மஸ்ட் கோ” சரி, “யூ மஸ்ட் டு கோ” பிழை. மூன்றாவது, ஒரே வேலையைச் செய்யும் இரண்டை அடுக்கக்கூடாது. நம்மிடையே அடிக்கடி கேட்கும் “ஐ கேன் ஏபல் டு டூ” என்பது அப்படிப்பட்ட பிழை. “ஐ கேன் டூ” அல்லது “ஐ ஆம் ஏபல் டு டூ”, இரண்டில் ஒன்றுதான்.

அறிவித்தல் பலகைகளில் அடிக்கடி காணும் இன்னொரு பிழை, ‘வில்’ வரவேண்டிய இடத்தில் ‘வுட்’ போடுவது. மரியாதைக்காக அப்படி எழுதுகிறார்கள். “த மீட்டிங் வுட் பி ஹெல்ட் ஒன் சண்டே” என்று எழுதினால், ஆங்கிலம் அறிந்தவர் “ஏதோ ஒரு நிபந்தனை நிறைவேறினால் நடந்திருக்கும் போலும்” என்று நினைக்க இடமுண்டு. நிச்சயமாக நடக்கப் போகும் கூட்டத்துக்கு ‘வில்’ போதும். மரியாதை தேவைப்படுவது ஒன்றைக் கேட்கும்போதுதான். தமிழில் “கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள்” என்பதில் ‘கொஞ்சம்’, ‘ங்கள்’ இரண்டும் செய்யும் வேலையை ஆங்கிலத்தில் “குட் யூ”, “வுட் யூ” செய்கின்றன.

இவ்வளவும் வடிவம். உண்மையான சிக்கல் பொருளில்தான் இருக்கிறது. அதுவும் நமது தாய்மொழி வழியாகவே வருகிறது.

‘வேண்டும்’ என்ற ஒரே பெட்டி

ஆங்கிலம் தனிச் சொற்களால் செய்வதைத் தமிழ் பெரும்பாலும் வினையின் வாலில் ஒட்டிச் செய்கிறது. போகலாம், போக வேண்டும், போகக் கூடாது, போக முடியும், போகத் தேவையில்லை. இரண்டு மொழிகளிலும் பெட்டிகள் இருக்கின்றன. ஆனால் அளவுகள் வேறு.

‘லாம்’ என்ற விகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். “நீ போகலாம்” என்பது அனுமதி. “மழை வரலாம்” என்பது ஊகம். “வாங்க, போகலாம்” என்பது அழைப்பு. முதல் இரண்டுக்கும் ஆங்கிலம் ‘மே’ என்ற ஒரே சொல்லைப் பயன்படுத்தும்; மூன்றாவதுக்கு ‘மே’ சரிவராது, அங்கே “லெட் அஸ்” வரவேண்டும். இதில் ஆபத்து என்னவென்றால், அதிகாரி எழுதிய ‘மே’யை நாம் அழைப்பின் தொனியில், ஏறக்குறைய உறுதிமொழியாகவே வாசித்துவிடுகிறோம். தொடக்கத்தில் பார்த்த குடும்பத்துக்கு நேர்ந்தது அதுதான்.

‘வேண்டும்’ இன்னும் பெரிய பெட்டி. மஸ்ட், ஷுட், ஹாவ் டு, ஷல் என்று ஆங்கிலம் நான்காகப் பிரித்து வைத்திருப்பதை நாம் ஒரே சொல்லால் சொல்கிறோம். ‘மஸ்ட்’ என்றால் தவிர்க்கவே முடியாதது. ‘ஹாவ் டு’ என்றால் வெளியிலிருந்து வந்த கட்டாயம். ‘ஷுட்’ என்றால் அப்படிச் செய்வது சரி, செய்தால் நல்லது. ‘ஷல்’ என்றால் சட்டமோ ஒப்பந்தமோ ஒருவர் மீது சுமத்திய கடமை. வெளிநாட்டு வேலை ஒப்பந்தமொன்றில் “தி எம்ப்ளோயர் ஷல் புரொவைட் ஃபூட்” என்றிருந்தால் சாப்பாடு கொடுப்பது முதலாளியின் கடமை. அதே இடத்தில் ‘ஷுட்’ என்றிருந்தால், அது ஒரு நல்லெண்ணம் மட்டுமே என்று வாதிட அவருக்கு வழி பிறக்கிறது. தமிழில் இரண்டையும் “உணவு வழங்க வேண்டும்” என்றே மொழிபெயர்ப்போம். மொழிபெயர்ப்பை மட்டும் கேட்டு ஒப்பமிட்டவருக்கு வேறுபாடு தெரிய வழியில்லை.

எதிர்மறையில் நிலைமை தலைகீழாகிறது. உடன்பாட்டில் ‘மஸ்ட்’டும் ‘ஹாவ் டு’வும் ஏறக்குறைய ஒன்று. எதிர்மறையில் அவை இரண்டு துருவங்கள். “யூ மஸ்ட் நொட் கம்” என்றால் வரக்கூடாது. “யூ டோன்ட் ஹாவ் டு கம்” என்றால் வரத் தேவையில்லை, விரும்பினால் வரலாம். பேச்சுத் தமிழில் இரண்டுக்கும் “வர வேண்டாம்” என்று சொல்லிவிடுகிறோம். ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு ‘வர வேண்டாம்’ என்ற அறிவித்தலின் ஆங்கில மூலத்தில் எது இருந்தது என்பதைப் பொறுத்து, அன்றைக்கு வேலை செய்தவருக்குச் சம்பளமும் கிடைக்கலாம், கண்டிப்புக் கடிதமும் கிடைக்கலாம்.

முறைப்பாடு எழுதுபவர்கள் கவனிக்க வேண்டிய பொறி ஒன்றும் உண்டு. “முகாமையாளர் எங்களுக்கு அறிவித்திருக்க வேண்டும்” என்ற வாக்கியத்தைப் பாருங்கள். தமிழில் இதற்கு இரண்டு பொருள். அறிவிப்பது அவரது பொறுப்பு, ஆனால் அவர் அறிவிக்கவில்லை என்பது ஒன்று. அநேகமாக அறிவித்திருப்பார் என்ற ஊகம் மற்றொன்று. பேசும்போது தொனி காட்டிக் கொடுத்துவிடும். ஆங்கிலம் இரண்டையும் வெவ்வேறு சொற்களால் பிரிக்கிறது: முதலாவது “ஷுட் ஹாவ் இன்ஃபோர்ம்ட்”, இரண்டாவது “மஸ்ட் ஹாவ் இன்ஃபோர்ம்ட்”. ‘வேண்டும்’ என்பதற்கு ‘மஸ்ட்’ என்று மனப்பாடம் செய்தவர் தன் முறைப்பாட்டில் “மஸ்ட் ஹாவ்” என்று எழுதினால், “அவர் எங்களுக்கு நிச்சயம் அறிவித்திருப்பார்” என்று எதிர்த்தரப்புக்குச் சாட்சி சொன்னதாக ஆகிவிடும்.

1949 இலிருந்து 2003 வரை

இது வெறும் கடித விவகாரமல்ல. மலையகத் தமிழரின் குடியுரிமைச் சட்டங்களே இதற்குப் பெரிய சான்று.

1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் தோட்ட மக்களில் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. அடுத்த ஆண்டு, 1949 இன் 3 ஆம் இலக்க இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் குடியுரிமைச் சட்டம் வந்தது. மணமானவராயின் 7 ஆண்டுகள், மணமாகாதவராயின் 10 ஆண்டுகள் இடையறாது வசித்திருக்க வேண்டும் என்பது உள்ளிட்ட நிபந்தனைகளை அது விதித்தது. அவற்றை நிறைவேற்றுபவர் குடிமகனாகப் பதிவு பெறும் ‘பிரிவிலேஜ்’ஐப் பயன்படுத்த ‘மே’ என்றது. இங்கே இரண்டு சொற்களைக் கவனிக்க வேண்டும். ‘ரைட்’ என்று சொல்லவில்லை. ‘பிரிவிலேஜ்’ என்றது, அதாவது உரிமையல்ல, சலுகை. ‘ஷல்’ என்று சொல்லவில்லை. ‘மே’ என்றது, அதாவது நீங்கள் விண்ணப்பிக்கலாம். வசித்ததை நிரூபிக்கும் சுமை முழுவதும் விண்ணப்பதாரர் தலையில். 1951 ஆகஸ்ட் வரையான இரண்டு ஆண்டு அவகாசத்தில் சுமார் 8 இலட்சத்து 25 ஆயிரம் பேருக்காக விண்ணப்பங்கள் கொடுக்கப்பட்டன. முடிவில் குடியுரிமை பெற்றவர்கள் சுமார் 1 இலட்சத்து 34 ஆயிரம் பேர் மட்டுமே.

பிறகு 1964 இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், 1974 இல் அதன் தொடர்ச்சி, எண்பதுகளில் வேறு சில சட்டங்கள் என்று நீண்ட கதை அது. அதன் இறுதி அத்தியாயம் 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்க இந்திய வம்சாவளியினருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம். 1964 ஒக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வசித்துவரும் இந்திய வம்சாவளியினரும் அவர்களது வழித்தோன்றல்களும் குடிமக்கள் என்ற அந்தஸ்தை உடையவர்கள் ஆவர் என்று சொல்ல அச்சட்டம் எடுத்துக்கொண்ட சொல் ‘ஷல்’. முதல் சட்டம் ஒவ்வொருவரையும் ஓர் அதிகாரியின் மேசைக்கு முன்னால் நிறுத்தியது. கடைசிச் சட்டம் அந்த மேசையையே எடுத்துவிட்டது. இடையில் போன காலம் 54 ஆண்டுகள். அதற்குள் பல இலட்சம் பேர் கப்பலேறியிருந்தார்கள்.

சொல்தான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று சொல்ல வரவில்லை. அரசியல்தான் காரணம். ஆனால் அரசியல் தன் முடிவை எழுதி வைத்த இடம் அந்தச் சொல்.

ஒரு மொழிக்கு ‘ஷல்’, மறு மொழிக்கு ‘மே’

மொழிச் சட்டங்களிலும் இதே கதைதான். 1956 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்க அரச கரும மொழிச் சட்டம், சிங்களமே ஒரே அரச கரும மொழியாக இருக்கும் என்பதை ‘ஷல்’ போட்டு எழுதியது. அதுவரை பாவனையிலிருந்த மொழிகளை, அமைச்சர் அவசியமென்று கருதினால் 1960 டிசம்பர் 31 வரை தொடரலாம் என்பதற்கு ‘மே’ போட்டது.

1958 இல் வந்த தமிழ் மொழி விசேட ஏற்பாடுகள் சட்டத்தைப் பலர் ஒரு சமாதான முயற்சியாக நினைவுகூர்கிறார்கள். அதை இலக்கணக் கண்ணாடி போட்டு வாசித்தால் வேறொன்று தெரியும். தமிழில் கற்பதற்கும் தமிழில் பரீட்சை எழுதுவதற்கும் உரித்துடையவர் என்று ‘ஷல்’ வருகிறது. ஆனால் அரசாங்கத்தோடு தமிழில் கடிதத் தொடர்பு கொள்வதற்கும், வடக்கு கிழக்கில் தமிழை நிருவாகத்தில் பயன்படுத்துவதற்கும் வருவது ‘மே’. அதுவும் ‘விதிக்கப்பட்டவாறு’ என்ற நிபந்தனையோடு. ஒழுங்குவிதிகளை ஒருவர் ஆக்கும் வரை அந்த ‘மே’க்கு உயிர் இல்லை. அந்த ஒழுங்குவிதிகள் பாராளுமன்றத்துக்கு வந்தது 1966 ஜனவரியில், டட்லி சேனாநாயக்க ஆட்சியில். எட்டு ஆண்டுகள் சட்டம் இருந்தது, பயன் இல்லை. சட்டத்தை யாரும் மீறவுமில்லை. ‘செய்யலாம்’ என்றதைச் செய்யாமல் விடுவது மீறல் அல்லவே.

1987 இல் வந்த 13 ஆம் திருத்தம், தமிழும் ஓர் அரச கரும மொழியாக இருக்கும் என்று ‘ஷல்’ போட்டது. 1988 இல் வந்த 16 ஆம் திருத்தம் நிருவாக மொழிகள் பற்றிய 22 ஆம் உறுப்புரையை இன்றைய வடிவத்துக்குக் கொண்டுவந்தது. சப்ரகமுவ மக்களுக்கு நேரடியாக முக்கியமான உறுப்புரை இதுதான். வடக்கு கிழக்கு தவிர்ந்த மாகாணங்களில் நிருவாக மொழி சிங்களம். ஆனால் ஒரு பிரதேச செயலகப் பிரிவில் வாழும் சிறுபான்மை மொழியினரின் விகிதாசாரத்தைக் கருத்திற்கொண்டு, இரு மொழிகளையும் நிருவாக மொழிகளாகப் பயன்படுத்தும்படி ஜனாதிபதி பணிக்கலாம். இங்கே வருவது ‘மே’. அவர் செய்யலாம், செய்யாமலும் விடலாம்.

அதே உறுப்புரையின் அடுத்த பகுதியில் சொல் மாறுகிறது. சிங்களம் நிருவாக மொழியாக உள்ள எந்தப் பகுதியிலும், அதிகாரியல்லாத ஒருவர், அதிகாரிகளுடன் தமிழிலோ ஆங்கிலத்திலோ தொடர்புகொள்ளவும், அலுவல்களை முடித்துக்கொள்ளவும், அவர்களிடமிருந்து அம்மொழியில் பதில் பெறவும் உரித்துடையவர் என்று அது சொல்கிறது. அங்கே இருப்பது “ஷல் பி என்டைட்டில்ட்”. பார்வையிட அல்லது பிரதி பெறச் சட்டம் இடமளிக்கும் பதிவேடுகளின் பிரதியையோ மொழிபெயர்ப்பையோ அம்மொழியில் பெறுவதும் அதில் அடங்கும்.

இந்த வேறுபாட்டின் நடைமுறைப் பொருள் பெரிது. “இந்தப் பிரிவு இருமொழிப் பிரிவாகப் பிரகடனம் செய்யப்படவில்லை, அதனால் தமிழில் கடிதம் தர முடியாது” என்று மாவனல்லையிலோ யட்டியாந்தோட்டையிலோ தெரணியகலையிலோ ஒருவருக்குச் சொல்லப்பட்டால், அந்தப் பதில் இரண்டு சொற்களைக் குழப்புகிறது. பிரகடனம் ‘மே’யைச் சேர்ந்தது. தமிழில் பதில் பெறும் உரித்து ‘ஷல்’லைச் சேர்ந்தது. பின்னது முன்னதற்காகக் காத்திருப்பதில்லை.

‘மே’ கொடுத்ததை ‘ஷல் நொட்’ எடுத்த நாள்

இந்தச் சொற்கள் ஒரு நாட்டின் ஆட்சியையே தீர்மானித்த சந்தர்ப்பமும் நம் நினைவுக்கு எட்டிய தூரத்தில்தான் இருக்கிறது. 2018 நவம்பர் 9 ஆம் திகதி, அப்போதைய ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன பாராளுமன்றத்தைக் கலைத்து வர்த்தமானி வெளியிட்டார். அரசியலமைப்பின் 70(1) ஆம் உறுப்புரை, ஜனாதிபதி பாராளுமன்றத்தைக் கூட்டலாம், ஒத்திவைக்கலாம், கலைக்கலாம் என்று ‘மே’ போட்டே தொடங்குகிறது. ஆனால் அதே வாக்கியம் 2018 இல் இருந்த வடிவத்தில் ஒரு நிபந்தனையோடு தொடர்ந்தது: முதல் அமர்விலிருந்து நான்கரை ஆண்டுகள் முடியும் வரை, மூன்றில் இரண்டு பெரும்பான்மையோடு பாராளுமன்றமே கேட்டாலன்றி, ஜனாதிபதி கலைக்கக் கூடாது. அங்கே இருந்தது ‘ஷல் நொட்’. அந்தப் பாராளுமன்றம் முதலில் கூடியது 2015 செப்டெம்பர் 1 ஆம் திகதி.

33 ஆம் உறுப்புரையில் கலைக்கும் அதிகாரம் தனியாகவும் சொல்லப்பட்டிருக்கிறது, அதற்கு இந்த நிபந்தனை பொருந்தாது என்பது அரச தரப்பின் வாதம். இரா. சம்பந்தன் உள்ளிட்டோர் தாக்கல் செய்த மனுக்களை விசாரித்த ஏழு நீதியரசர்கள் கொண்ட உயர் நீதிமன்ற ஆயம், டிசம்பர் 13 ஆம் திகதி அந்த வாதத்தை ஏகமனதாக நிராகரித்தது. பொதுவாகத் தரப்பட்ட அதிகாரத்தை, அதன் எல்லையைக் குறிப்பாகச் சொல்லும் ஏற்பாட்டோடு சேர்த்தே வாசிக்க வேண்டும் என்பது தீர்ப்பின் சாரம். ஆங்கில ஆசிரியர் ஒருவர் இதை வகுப்பில் சொன்னால் இப்படிச் சொல்வார்: ‘மே’ கதவைத் திறக்கிறது, பின்னால் ‘ஷல் நொட்’ வந்தால் அந்தக் கதவு எந்த அளவுக்குத் திறக்கும் என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. எனவே ‘மே’யைக் கண்டவுடன் வாசிப்பை நிறுத்தக்கூடாது.

உலகமும் இதே சொற்களோடு மல்லுக்கட்டுகிறது

2015 டிசம்பர் 12 ஆம் திகதி பாரிஸ் காலநிலை உடன்படிக்கை நிறைவேற வேண்டிய கடைசி மணித்தியாலங்களில் எல்லாம் நின்றுபோனது. வளர்ந்த நாடுகள் வெளியேற்றக் குறைப்பில் முன்னின்று செயற்பட வேண்டும் என்ற 4 ஆம் உறுப்புரையின் வாசகத்தில் ‘ஷுட்’ இருக்கவேண்டிய இடத்தில் ‘ஷல்’ இருப்பதை அமெரிக்கத் தூதுக்குழு கண்டுபிடித்தது. ‘ஷல்’ என்றால் சட்டக் கடப்பாடு. அதற்கு அமெரிக்க செனட் சபையின் ஒப்புதல் தேவைப்பட்டிருக்கும். தொழில்நுட்பத் திருத்தம் என்ற பெயரில் அது ‘ஷுட்’ ஆக மாற்றி வாசிக்கப்பட்ட பிறகே உடன்படிக்கை நிறைவேறியது.

இணையத்தைக் கட்டிய பொறியியலாளர்கள் இந்தக் குழப்பத்தை முன்கூட்டியே தவிர்த்தார்கள். 1997 மார்ச்சில் அவர்கள் வெளியிட்ட 2119 ஆம் இலக்க ஆவணம், தங்கள் தொழில்நுட்ப விதிகளில் ‘மஸ்ட்’ என்றால் முழுக் கட்டாயம், ‘ஷுட்’ என்றால் தகுந்த காரணமிருந்தால் மட்டும் விலகலாம், ‘மே’ என்றால் முற்றிலும் விருப்பம் என்று வரையறுத்தது. இன்று கணினிகள் ஒன்றோடொன்று பேசுவதற்கான விதிகள் பல அந்த வரையறையின் மேல்தான் நிற்கின்றன.

சட்டத்துறையில் ‘ஷல்’ மீதே பலருக்கு நம்பிக்கை போய்விட்டது. காரணம், அது சில வேளை கடமை, சில வேளை எதிர்காலம், சில வேளை வெறும் அனுமதி. பழைய ஆங்கிலேயச் சட்டங்களில் வரும் “இட் ஷல் பி லோஃபுல்” என்ற தொடர் பார்வைக்கு ‘ஷல்’, பொருளில் ‘மே’. 1880 இல் ஜூலியஸ் என்பவர் ஒக்ஸ்ஃபோர்ட் ஆயருக்கு எதிராகத் தொடுத்த வழக்கு அந்தத் தொடரைப் பற்றியதே. அது அனுமதியைத்தான் தருகிறது, ஆனாலும் சில சூழல்களில் அதிகாரத்தோடு கடமையும் சேர்ந்து வரக்கூடும் என்று பிரித்தானியப் பிரபுக்கள் சபை சொன்னது. ‘மே’ என்று இருப்பதாலேயே ஓர் அதிகாரி தான்தோன்றித்தனமாக நடக்க முடியாது என்று வாதிடுபவர்கள் இன்றும் அந்தத் தீர்ப்பைக் காட்டுகிறார்கள். தென்னாபிரிக்கா 1996 இல் எழுதிய அரசியலமைப்பில் ‘ஷல்’லைத் தவிர்த்து ‘மஸ்ட்’ என்று தெளிவாக எழுதியது.

‘ஷல்’ இருந்தால் மட்டும் போதுமா?

போதாது. இரண்டு விடயங்களைச் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஒன்று, எழுவாய். ‘ஷல்’ யார் மீது விழுகிறது? “தி எம்ப்ளோயர் ஷல் பே” என்றால் முதலாளி மீது. “வேஜஸ் ஷல் பி பெய்ட்” என்றால் சம்பளம் கொடுக்கப்பட வேண்டும். கொடுப்பவர் யார் என்பதை அந்த வாக்கியம் சொல்லவில்லை. தமிழும் ஓர் அரச கரும மொழியாக இருக்கும் என்ற வாசகத்தில் எழுவாய் ‘தமிழ்’. எந்த அதிகாரி, எந்த மேசையில், எத்தனை நாளில் என்பது அதில் இல்லை. அந்த ‘ஷல்’லுக்குக் கை கால் தருவது 22 ஆம் உறுப்புரை போன்ற ஏற்பாடுகளும், 1991 இன் 18 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த அரச கரும மொழிகள் ஆணைக்குழுவும்தான். அந்த ஆணைக்குழுவுக்கு முறைப்பாடு செய்யலாம். மொழியுரிமை நிறைவேற்றுத்துறையால் மீறப்பட்டால், 126 ஆம் உறுப்புரையின் கீழ் ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தையும் நாடலாம்.

மற்றது, மூலமொழி. இந்தக் கட்டுரையில் ஆங்கிலச் சொற்களைப் பிடித்துக்கொண்டு பேசினாலும், இன்று இலங்கையில் சட்டங்கள் இயற்றப்படுவது சிங்களத்திலும் தமிழிலும், ஆங்கிலம் மொழிபெயர்ப்பு. இரண்டுக்கும் இடையில் முரண்பாடு வந்தால் எது மேலோங்கும் என்பதைப் பெரும்பாலான சட்டங்களின் இறுதிப் பிரிவு சொல்கிறது: சிங்கள வாசகமே மேலோங்கும். அந்தப் பிரிவின் ஆங்கில வடிவத்திலும் இருப்பது ‘ஷல்’தான். ஆகவே ஆங்கிலத்தில் நம்பிக்கை தரும் ஒரு சொல்லைக் கண்டால், சிங்களப் பிரதியையும் அறிந்தவரிடம் காட்டிச் சரிபார்ப்பது பாதுகாப்பு.

அடுத்த கடிதம் வரும்போது

ஆங்கிலத்தில் ஒரு கடிதமோ ஒப்பந்தமோ கைக்கு வந்தால், ஒப்பமிடும் முன் ஒரு பென்சிலை எடுங்கள். மே, ஷல், வில், ஷுட், மஸ்ட் என்று கண்ட இடமெல்லாம் கோடிடுங்கள். ஒவ்வொன்றுக்கும் முன்னால் இருக்கும் பெயர் யாருடையது என்று பக்கத்தில் குறியுங்கள். வெளிநாட்டு வேலை ஒப்பந்தமாக இருந்தால், ‘ஷல்’ எல்லாம் தொழிலாளி பக்கமும் ‘மே’ எல்லாம் முதலாளி பக்கமும் குவிந்திருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள். அப்படியென்றால் அந்தத் தாள் ஒருவருக்குக் கடமைகளையும் மற்றவருக்கு வசதிகளையும் எழுதிய தாள். சம்பளம், விடுமுறை, சாப்பாடு, திரும்பி வரும் பயணச்சீட்டு ஆகிய நான்குக்கும் முதலாளி பெயரோடு ‘ஷல்’ அல்லது ‘மஸ்ட்’ இருக்கிறதா என்று தேடுங்கள்.

வாசித்துச் சொல்லும் தம்பி, தங்கைகளுக்கும் ஒரு வார்த்தை. ‘மே’யைப் ‘படும்’ என்று சொல்லாதீர்கள், ‘படலாம்’ என்று சொல்லுங்கள். கேட்பவர் முகம் வாடினாலும் பரவாயில்லை. அவர் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதை அந்த ‘லாம்’தான் அவருக்குச் சொல்லும்.

பதில் எழுதும்போது, ‘மே’யில் முடிந்த கடிதத்துக்கு நன்றி மட்டும் சொல்லி நிறுத்த வேண்டாம். “பை வட் டேட் வில் யூ டிசைட்?”, அதாவது எந்தத் திகதிக்குள் முடிவு செய்வீர்கள் என்று ஒரு வரி கேளுங்கள். ‘மே’ என்று எழுதியவரை ‘வில்’ என்று எழுத வைக்கும் கேள்வி அது. அதற்கு வரும் பதிலில் திகதி இருந்தால், அடுத்த முறை அந்த அலுவலகத்துக்குப் போகும்போது கையில் காட்டுவதற்கு ஒன்று இருக்கும்.